கார் பெயிண்டில் சுழல் கீறல்களை நீக்குவது எப்படி?

வெயிலில் பானட் மீது சிலந்தி வலை மாதிரி தெரியும் கீறல்கள், பெரும்பாலும் தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்ததால் வந்தவை. நகம் சிக்கும் அளவு ஆழமான கீறல் பாலிஷில் போகாது, அதை விட்டுவிடுங்கள்.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பார் (களிமண் போன்ற மென்மையான கட்டி) தேய்த்து, ஒட்டியிருக்கும் துகள்களை எடுங்கள். இதைத் தவிர்த்தால் பாலிஷ் செய்யும்போதே புதுக் கீறல் விழும். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நிழலில், தகடு குளிர்ந்த பிறகே தொடங்க வேண்டும்.

டூயல் ஆக்‌ஷன் மெஷினே (சுழன்றபடியே அசையும் பாலிஷ் இயந்திரம்) பாதுகாப்பானது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின், பழகாத கையில் ஓரங்களில் பெயிண்டை எரித்துவிடும். மென்மையான ஃபோம் பேட், ஃபைன் பாலிஷ் நான்கைந்து சொட்டு, ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடம். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேக எண்ணை 4 அல்லது 5-இல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நான்கு முறை ஓட்டுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துப் பாருங்கள். பாலிஷின் எண்ணெய்ப் பசை கீறலை மறைத்து ஏமாற்றும். போகவில்லையென்றால் மட்டும் காம்பவுண்டுக்கு (பாலிஷைவிட அதிகமாகத் தேய்க்கும் பசை) மாறுங்கள். பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40-50 மைக்ரான்தான், தேய்த்தது திரும்ப வராது.

கையால் செய்தால் லேசான கீறல்களே மங்கும். முடிந்ததும் பெயிண்டைக் காக்க வாக்ஸ் அல்லது சீலன்ட் பூசுங்கள்.