விசிலுக்கு முன்னால் பாடை கட்டாதீர்கள்: கால்பந்து கார்ட்டூன் வரைகிறவர்களுக்கு

போன வாரம் அக்கா மகன் ஒரு கார்ட்டூன் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "மாமா, எப்படி இருக்கு?" மொட்டைத் தலை, குட்டித் தாடி, நெஞ்சில் பயிற்சியாளர் 'பெப் கார்டியோலா' பெயர் கொட்டை எழுத்தில். பக்கத்தில் ஒரு பஸ், அதன்மேல் 'தற்காப்பு ஆட்டம்' (கோலை அடைத்துக்கொண்டு ஆடுவதை 'பஸ்ஸை நிறுத்துவது' என்பார்கள்). எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாயிற்று, சிரிப்பு மட்டும்தான் வரவில்லை. ஆரம்பத்தில் நான் வரைந்தவை அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அதனால் திட்டவும் மனசு வரவில்லை.

கை கால் அளவு கோணுவது, பேச்சுக்குமிழில் எழுத்துப்பிழை, இதெல்லாம் வரைய வரையத் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நெஞ்சில் பெயர் எழுதுவது

எழுதாதீர்கள்.

கடைசி விசிலுக்கு முன்னால் முடிவை வரைவது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2017 மார்ச் 8. ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக், பார்சிலோனாவும் பாரிஸ் அணியான பிஎஸ்ஜியும். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் பார்சிலோனா 4-0 என்று தோற்றிருந்தது. முதல் ஆட்டத்தில் நாலு கோலில் தோற்றுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போன அணி அதுவரை சாம்பியன்ஸ் லீக்கில் கிடையாது. இரண்டாவது ஆட்டம் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில், நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு. அப்போது ஓர் இணையதளத்துக்கு வாராவாரம் வரைந்துகொண்டிருந்தேன். மூன்று மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

யோசனை சாயங்காலமே வந்துவிட்டது. பார்சிலோனாவுக்குப் பாடை. தூக்க நாலு பேர் வேண்டுமே? மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மர் என்று மூன்று பேர் ரெடி. நாலாவது தோளுக்குப் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே. சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று அவர் ஒரு வாரம் முன்னால்தான் அறிவித்திருந்தார், ஆகவே இன்னொரு கையில் சூட்கேஸ். முன்னால் சங்கு ஊதிக்கொண்டு பிஎஸ்ஜி பயிற்சியாளர் உனாய் எமரி. தெருவில் உதிர்ந்த பூவைக்கூட நீலமும் கருஞ்சிவப்புமாக ஒவ்வோர் இதழாக வரைந்தேன்.

மூன்றாவது நிமிடத்திலேயே சுவாரெஸ் ஒன்று போட்டார். அப்புறம் பிஎஸ்ஜியின் ஒரு சுயகோல், மெஸ்ஸியின் பெனால்டி. 3-0. எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. 62-ஆவது நிமிடத்தில் கவானி ஒன்றைத் திருப்பிப் போட்டதும் 'அப்பாடா' என்றேன். நான் பார்சிலோனா ரசிகன். சொந்த அணி கோல் வாங்கியதற்கு அப்பாடா சொல்ல வைக்கிற பிழைப்பு இது. இனி அவர்களுக்கு இன்னும் மூன்று கோல் வேண்டும், நடக்கிற காரியமா? நிழல் போட்டேன், கையெழுத்துப் போட்டேன், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

88-ஆவது நிமிடம் நெய்மர். பெனால்டியில் மறுபடி நெய்மர். 95-ஆவது நிமிடத்தில் செர்ஜி ராபர்டோ காலை நீட்டினார். 6-1, இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. பார்சிலோனா அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. காலையில் எழுந்தால் என் பாடை எல்லார் போனிலும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் எமரியை வெட்டி எடுத்துப் பாடையில் படுக்க வைத்து, சங்கை நெய்மர் வாயில் ஒட்டி எனக்கே அனுப்பியிருந்தார். என்னுடையதைவிட அதுதான் நல்ல கார்ட்டூன். அந்த வாரத்தோடு அந்த வேலையும் போயிற்று.

வேலை போனதைக்கூட மறந்துவிட்டேன். கவானி கோலுக்கு அப்புறம் நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை, பூவுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இதில் எனக்கு முன்னோடி உண்டு. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பயர்ன் மியூனிக் முன்னணியில் இருக்கும்போது, கோப்பை கொடுப்பதற்காக ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் தலைவர் லென்னார்ட் யோகான்சன் லிஃப்டில் இறங்கினார். வெளியே வந்தால் ஜெயித்தவர்கள் அழுதுகொண்டும் தோற்றவர்கள் கூத்தாடிக்கொண்டும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். நடுவில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் போட்டிருந்தது. அதுவும் இதே கேம்ப் நூவில்தான்.

இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் ஆட்களை மட்டும் வரைந்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு பயிற்சியாளர்களும் நின்றபடி, உட்கார்ந்தபடி, தலையில் கை வைத்தபடி, தனித்தனி லேயராக. சம்பவம் விசிலுக்குப் பிறகு. அதற்கும் நேரம் இல்லை என்றால், எந்த முடிவுக்கும் தாங்குகிற ஒன்றை வரைய வேண்டும். என்ரிகே சூட்கேஸ்மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடப் பார்க்கிற மாதிரி மட்டும் வரைந்திருந்தால், அன்றைக்கு அது ஜெயித்தாலும் நின்றிருக்கும், தோற்றாலும் நின்றிருக்கும்.

சிவப்பு என்றால் ஒரே சிவப்பு

ஆர்சனல் அணியின் சிவப்பு ஜெர்சிக்குக் கை வெள்ளை. யுனைடெட்டுக்குக் கால்சட்டை வெள்ளை. லிவர்பூல் தலை முதல் கால் வரை சிவப்பு, அது 1960-களில் வந்த பழக்கம். பார்சிலோனாவின் பட்டை மேலிருந்து கீழாக ஓடும், ஆனால் 2015-16 ஜெர்சியில் மட்டும் குறுக்காகப் போட்டார்கள். பழைய ஆட்டத்தை வரையும்போது அந்த வருடத்துப் போட்டோவைப் பாருங்கள். தப்பாகப் போட்டால் ரசிகர்களுக்கு ஜோக் கண்ணில் படவே படாது.

முகத்தையே நம்பியிருப்பது

மருமகன் வரைந்த மொட்டை கார்டியோலாவா, ஜிதானா, டென் ஹாகா? பெயரை அழித்தால் அவனுக்கே தெரியாது. ஆளை அவர் செய்கிற காரியத்தில் பிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை மைதானத்தில் நிறுத்தி வைத்துக் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்துகிறவர் கார்டியோலா. எதிரணி ஆளைக்கூட விடமாட்டார். நீளக் கோட்டின் ஜிப்போடு மல்லுக்கட்டுகிறவர் ஆர்சனலின் பழைய பயிற்சியாளர் வெங்கர், முதுகைக் காட்டி வரைந்தாலும் தெரியும். சூயிங்கம் மென்றபடி வாட்சைத் தட்டினால் யுனைடெட்டின் பழைய பயிற்சியாளர் பெர்குசன்.

முகத்தை மட்டும் நம்புகிறவர்கள் கடைசியில் நிறத்துக்கும் உதட்டுக்கும் போய்ச் சேர்கிறார்கள். 2012 யூரோ கோப்பையின்போது இத்தாலியின் 'கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' தன் நாட்டு ஆட்டக்காரரான பாலோட்டெல்லியையே கிங் காங் ஆக்கி, லண்டன் பிக் பென் கோபுரத்தில் ஏற்றி வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பத்திரிகையைச் சொல்லிக்காட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. கறுப்பைக் கிண்டலடிக்கிற சினிமா காமெடி பார்த்து வளர்ந்தவன், ஆப்பிரிக்க ஆட்டக்காரர் என்றாலே முதலில் உதட்டைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அந்த நோட்டைத் திறக்கவே கூசுகிறது.

இத்தனைக்கும் பாலோட்டெல்லி, ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சிப் பனியனைத் தலை வழியாக மாட்டத் தெரியாமல் கேமரா முன்னால் திண்டாடிய ஆள். அவர் வீட்டுக் குளியலறையில் பட்டாசு வெடித்துத் தீயணைப்பு வண்டி வந்தது. மறுநாளே யுனைடெட்டுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு, 'ஏன் எப்போதும் நானே?' என்று எழுதிய உள்சட்டையைக் காட்டினார். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒருவர் குரங்கு வரைகிறார் என்றால் சோம்பேறித்தனமும்தான்.

மியூனிக் விமான விபத்து, ஹில்ஸ்பரோ

1958-இல் மான்செஸ்டர் யுனைடெட் அணி போன விமானத்தில் 23 பேர் இறந்தார்கள். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர். தொடவே தொடாதீர்கள்.

ஜெரார்ட் ஜோக்

லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் வழுக்கி விழுந்து எதிரணி கோல் போட்டது 2014 ஏப்ரலில். எழுந்து, விளையாடி, ஓய்வும் பெற்றுவிட்டார். விடுங்கள்.