களிமண் கொல்லையில் மரம் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடியில் பக்கத்துத் தெருப் பையன் புது வீட்டுக் கொல்லையில் வரிசையாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். 3 அடி ஆழம், 3 அடி அகலம், நாடா பிடித்து அளந்து. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒருகாலத்தில் இப்படித்தான் வெட்டினேன். நெருக்கி நடாதே, மாடு மேயாமல் அடைப்புப் போடு என்றெல்லாம் ஊரே சொல்லும், அதை விட்டுவிடுகிறேன்.

களிமண்ணில் ஆழக்குழி

மணல், செம்மண், தொழுஎரு கலந்து குழியை நிரப்பி, ஒட்டுமா நான்கும் பலா இரண்டும் வைத்தேன். மூன்று வருஷம் தளதளவென்று வந்தன. நான்காம் வருஷம் கார்த்திகையில் விடாத அடைமழை. சுற்றிலும் இறுகிய களி, குழிக்குள் மட்டும் பொலபொல மண். கொல்லைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, வடிய வழியில்லாமல் தொட்டி மாதிரி நின்றுவிட்டது. தையில் பலா இலை பழுத்துக் கொட்டியது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். தோண்டிப் பார்த்தால் வேர் கருத்திருந்தது. விரலால் இழுத்ததும் தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. அழுகிய முட்டை நாற்றம். ஆறில் ஐந்து போயிற்று, நான்கு வருஷமும் சேர்ந்து.

கன்று விற்பவர்கள் இன்றும் எல்லாருக்கும் "பெரிய குழியா வெட்டுங்க" என்றுதான் சொல்கிறார்கள். வடிகிற செம்மண்ணுக்கு அது சரி. வயலை ஒட்டிய நம் கொல்லைக்கு அது ஆகாது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஐப்பசி மழையில் 2 அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மழை விட்ட மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே மா, பலா, எலுமிச்சையை மேட்டில்தான் வைக்க வேண்டும். கொல்லை மண்ணையே எருவோடு கலந்து, ஒன்றரை முதல் 2 அடி உயரம், 6 அடி அகலத்துக்கு மேடாக அணையுங்கள். சுற்றி வாய்க்கால் எடுத்து வடிவாய்க்காலில் சேருங்கள். பள்ளத்தை நீர்மருதுக்கும் நாவலுக்கும் கொடுத்துவிடுங்கள். காவிரிக் கரையில் காலம்காலமாக நிற்பது மருதுதான். திருவிடைமருதூருக்குப் பெயரே அதனால் வந்தது.

வீட்டை ஒட்டி முருங்கை

ஒடியும். வேண்டாம்.

சுவரோரத் தென்னை

தென்னைக்குத் தென்னை 25 அடி என்பதை எல்லாரும் அளக்கிறார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் யாரும் அளப்பதில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில் எங்கள் சமையற்கட்டு ஓட்டின்மேல் கிடந்தது, சுவரிலிருந்து 12 அடியில் நின்ற தென்னை.

மாமர நிழலில் மல்லிகை

இலைதான் கிடைக்கும். கிணற்றடியில் வெயில் படுகிற பக்கமாக வையுங்கள்.