வீட்டில் எடைப் பயிற்சி: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வைப்பவருக்கு, 5 கிலோ டம்பெல் ஜோடி கால் பயிற்சிக்கு இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஆசையாக வாங்கியது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருவது பெரும்பாலும் இதனால்தான்: எடையைக் கூட்ட வழியில்லை.

ஆகவே முதல் செலவு, பிளேட் மாட்டிக் கழற்றும் டம்பெல். 14 அங்குல ராடு இரண்டு, 1.25, 2.5, 5 கிலோ பிளேட்டுகள் வகைக்கு நான்கு. ராடின் எடையை விட்டுவிட்டால், ஒரு கைக்கு 2.5 கிலோவில் தொடங்கி 17.5 வரை ஏழு படிகள் கிடைக்கும். 1.25 கிலோ பிளேட் இல்லாத செட் வேண்டாம். ஒவ்வொரு முறையும் 5 கிலோ தாவ வேண்டியிருக்கும். தோள் பயிற்சியில் அது நடக்காத காரியம்.

பிளேட் எதனால் ஆனது என்று கேளுங்கள். விலை மலிவான பி.வி.சி. பிளேட்டின் உள்ளே சிமென்ட் கலவைதான். அதே எடை இரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால், மூன்றாவது பிளேட்டை மாட்டும்போதே நட்டுக்கு மரை மிஞ்சாமல் போகலாம். டைல்ஸில் ஒருமுறை விழுந்தால் விளிம்பு வெடித்து உள்ளிருப்பது கொட்டும். வார்ப்பிரும்பு ஆயுளுக்கும் வரும். கடலோர ஊர்களில் சீக்கிரம் துரு பிடிக்கும். வியர்வையைத் துடைத்துவிட்டு, அவ்வப்போது தையல் மிஷின் எண்ணெய் லேசாகத் தடவினால் போதும்.

கடையிலேயே ஒரு சோதனை. பிளேட்டை மாட்டி, நட்டை இறுக்கி, ராடை நெட்டுக்குத்தாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் பிளேட்டின் துளை ராடுக்குப் பெரியது. 25 மி.மீ. ராடில் 30 மி.மீ. துளை அப்படித்தான் ஆடும். ஆட ஆட நட்டு கழலும். நட்டின் உட்பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தாலும் பயிற்சியின் ஒவ்வொரு செட்டுக்கு (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) முன்பும் ஒரு திருகு திருகுவது நல்லது.

அடுத்தது, இழுக்கும் பயிற்சிக்கான சாமான். தண்டால் எடுக்க எதுவும் வேண்டாம், முதுகுக்குத்தான் வேண்டும். கதவு நிலையின் சட்டத்தில் கொக்கி போல மாட்டும் புல்-அப் பார் (தொங்கி உடலை மேலே இழுக்கும் கம்பி) நம் வீடுகளில் பெரும்பாலும் நிற்காது. அது உட்கார, சுவரைவிட்டுத் துருத்தி நிற்கும் சட்டம் வேண்டும். திருகி விரிக்கும் பார் வெறும் உராய்வில் நிற்பது. எண்ணெய்ப் பெயின்ட் அடித்த நிலையில் வழுக்கும். சொந்த வீடென்றால் கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். ஏ.ஏ.சி. பிளாக் (நுண்துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண ஆங்கர் பிடிக்காது.

வாடகை வீட்டுக்கு வளைய வடிவ ரப்பர் பேண்ட், 41 அங்குல நீளத்தில் மெல்லியது ஒன்று, அகலமானது ஒன்று. டோர் ஆங்கரை (பேண்டைக் கதவிடுக்கில் பிடித்துக்கொள்ளும் பட்டையை) கதவில் செருகி இழுக்கும்போது, கதவு உங்கள் பக்கமாகத் திறப்பதாக இருக்கக் கூடாது. பால்கனி வெயிலில் தொங்கவிட்டால் பேண்டின் லேடெக்ஸ் ரப்பர் வெடிப்பு விடும். மாதம் ஒருமுறை இழுத்து ஓரங்களைப் பாருங்கள். மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலே தூக்கிப் போடுங்கள். அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

தரைக்கு 10 மி.மீ. ரப்பர் மேட். யோகா மேட் எடை தூக்குவதற்கு ஆகாது: பாதம் அமுங்கி முழங்கால் ஆடும். பெஞ்சை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். தரையில் படுத்தே டம்பெல் பிரஸ் செய்யலாம். பெஞ்சுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல் கூடவே கூடாது. பெஞ்ச் வாங்கும் நாளில், அதன் தாங்கும் திறனில் உங்கள் உடல் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள்: ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), பிரஸ் (எடையைத் தள்ளுவது), ஒரு கை ரோ (குனிந்து எடையை இடுப்பை நோக்கி இழுப்பது). ஒவ்வொன்றும் மூன்று செட், 8 முதல் 12 முறை. மூன்று செட்டிலும் 12 தொட்டால் அடுத்த படி எடை, மறுபடி 8.

கையுறை, வளைந்த கர்ல் ராடு எல்லாம் பெட்டியை நிரப்பத்தான். வீட்டில் பழைய கர்லாக்கட்டை (கையில் பிடித்துச் சுழற்றும் கனத்த மரக்கட்டை) கிடந்தால் மட்டும் எடுத்துத் துடைத்து வையுங்கள். தோளை இளக்க அதற்கு ஈடு குறைவு. சுற்றும் முன் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, அதற்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி நில்லுங்கள்.