உடல்தோற்றக் கவலையை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். தேதி விடுபடுவது, கேள்வி எண் மாறுவது போன்றவை தாமே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக்குவது

புற்றுநோயாளிகளின் உடல்தோற்றக் கவலையை அளக்க ஹாப்வுட் குழுவினர் 2001இல் வெளியிட்ட பாடி இமேஜ் ஸ்கேல் என்ற வினாத்தாளில் பத்துக் கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'மிக அதிகம்' என்றால் 3 என மதிப்பிட்டு 30க்குக் கூட்டுவார்கள். தொகை ஏற ஏறக் கவலை அதிகம். இதில் 0 என்பதும் ஒரு பதில்தான் என்பது என் முதல் ஆய்வின்போது எனக்கு உறைக்கவில்லை. நிரப்பப்படாத கட்டங்களில் எல்லாம் நானே 0 என்று பதிந்தேன். மார்பகம் நீக்கப்பட்டவர்களின் சராசரி வியப்பூட்டும் அளவுக்குக் குறைந்திருந்ததைக் கண்டு, அவர்களுடைய மனத்திடத்தைப் புகழ்ந்து ஒரு பத்தி வேறு எழுதினேன். தாள்களை மீண்டும் புரட்டியபோதுதான், பெரும்பாலும் விடுபட்டவை இரண்டே கேள்விகள் என்று தெரிந்தது: ஆடையின்றித் தன்னைப் பார்த்துக்கொள்வது கடினமாக இருக்கிறதா என்பது ஒன்று, பாலியல் ஈர்ப்பு குறைந்துவிட்டதாக உணர்கிறாரா என்பது மற்றொன்று. சொல்லக் கூசியவர்களைக் கவலையற்றவர்களின் கணக்கில் சேர்த்திருந்தேன். திருத்தி எழுத நான்கு மாதம் போயிற்று. இன்றும் யாராவது அதையே செய்துகொண்டு வந்து நின்றால் எரிச்சலை அடக்க முடிவதில்லை.

வடுவைப் பற்றிய கேள்வியிலும் இதே சிக்கல் உண்டு. அறுவை சிகிச்சையே செய்யப்படாத ரத்தப் புற்றுநோயாளிக்கு அது பொருந்தாது. பொருந்தாததை 0 என்று பதிந்தால், கீமோதெரபியால் அவர் பட்ட பாடு குறைத்தே தெரியும். விடுபட்டதற்கு ஒரு குறியீடும் பொருந்தாததற்கு வேறொரு குறியீடும் தாளை அச்சிடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அளவுகோலின் திசை

மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கியூஎல்கியூ-பிஆர்23 வினாத்தாளின் உடல்தோற்றப் பகுதியில் 100 நல்ல நிலையைக் குறிக்கும். மேற்சொன்ன அளவுகோலுக்கு அது நேர்மாறு.

உறவினர் முன்னிலையில் கேட்பது

மகன் வாசித்துக் காட்ட, தாய் பதில் சொன்ன தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பத்தும் 0.

மார்பகத்தோடு நிறுத்திக்கொள்வது

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடை எலும்பின் ஒரு பகுதியை இழந்த ஆண், அந்த மாற்றத்தை உடையால் மறைக்க இயலாது. அப்படி ஒருவரிடம், பெண்மை குறைந்துவிட்டதாக உணர்கிறீர்களா என்று கேட்கும் தாளை ஒரு மாணவர் நீட்டியதைப் பார்த்தேன். மூலத்தில் ஆண்மை என்ற சொல்லும் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்தான் அதை விட்டிருந்தார்.