அறையையே கேம் திரையாக்க ஒரு புரொஜெக்டர் போதும்

மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்குழு 2014-ல் காட்டிய ரூம்அலைவ், புரொஜெக்டரும் ஆழக் கேமராவும் (பொருள்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளக்கும் கேமரா) சேர்ந்த ஆறு ஜோடிகளால் ஓர் அறையையே திரையாக்கியது. நமக்கு ஒரு ஜோடி போதும். இரண்டையும் ஒரே பலகையில் ஆடாமல் இறுக்குங்கள். அப்புறம் கை வைக்கக் கூடாது. புரொஜெக்டரில் படத்தின் சாய்வைத் திருத்தும் கீஸ்டோனை அணைத்துவிட்டு, படம் தாமதமின்றி வர கேம் மோடைப் போடுங்கள்.

அடுத்து அளவீடு. புரொஜெக்டர் வீசும் கருப்பு வெள்ளைப் பட்டைகள் அகலமாகத் தொடங்கி, மெலிந்துகொண்டே சுவரில் ஓடும். எந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்பதைக் கேமரா அதை வைத்துத்தான் கணக்கிடும். வெறும் சுவர் என்றால் கணக்கு உதைக்கும். மேடு பள்ளம் வேண்டும். நான் சோபாவை இழுத்துப் போட்டு, மேலே அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுவேன். பார்க்கக் கண்றாவிதான், பரவாயில்லை. நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுங்கள்.

கடைசியாகச் சோதனை: கேமில் வரும் பந்து சோபா விளிம்பில் சரியாகத் துள்ளுகிறதா? விலகினால் பட்டைகளை மறுபடி ஓட்டுங்கள்.