பவளத்தீவுப் பயணம்: கடைசி விமானத்தை முதலில் பிடியுங்கள்

பசிபிக் கடலின் துவாலு, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் பெரிய விமானத்துக்கு முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு, சின்ன விமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பறக்கும் அந்தக் குட்டி விமானம்தான் மொத்தப் பயணத்துக்கும் நாள் குறிக்கிறது. அதில் இடம் உறுதியான பிறகே மற்ற டிக்கெட்டுகளில் கை வைக்கவேண்டும். தலைநகரைத் தாண்டிய சில வெளித்தீவுத் தடங்களுக்கு இணையத்தில் பதிவே கிடையாது. விமான நிறுவன அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதில் வராவிட்டால் போனில் பிடிக்கவேண்டியதுதான்.

அடுத்து, எந்த வாசல் வழியாக நுழைவது என்று பாருங்கள். துவாலுவுக்கு இருப்பது ஒரே விமான நிலையம், ஃபுனாஃபுட்டி. 1943-ல் அமெரிக்கக் கடற்படை போட்ட ஓடுபாதை அது, நீளம் சுமார் 1,500 மீட்டர். ஃபிஜியிலிருந்து ஏடிஆர் 72 ரக விமானம் வந்து போகிறது. சிக்கல் ஃபிஜியில்தான் வரும். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்குவது நாடியில். துவாலு விமானம் வழக்கமாகக் கிளம்புவதோ சுவாவை ஒட்டிய நவுசோரியில். இரண்டும் ஒரே தீவில்தான் இருக்கின்றன, ஆனால் எதிரெதிர்க் கரைகளில். சாலை வழியாகப் போனால் நாலு மணி நேரம் பிடிக்கும். முதல் நாளே சுவாவுக்குப் போய்த் தங்கிவிடுவது நல்லது.

மார்ஷல் தீவுகளுக்கு யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் இருக்கிறது. குவாம் தீவுக்கும் ஹவாயின் ஹொனலுலுவுக்கும் நடுவே சூக், போன்பே, கோஸ்ரே, குவாஜலின், மார்ஷல் தலைநகர் மஜூரோ என்று தீவு தீவாகத் தொட்டுத் தொட்டுப் போகும். கோஸ்ரேயில் எல்லா நாளும் நிற்காது. குவாஜலின் அமெரிக்க ராணுவத் தளம். அனுமதி இல்லாதவர்கள் விமானத்தை விட்டு இறங்க முடியாது, படமும் எடுக்கக் கூடாது. அமெரிக்க விசா விலக்கு இல்லாத கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஹொனலுலுவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் விசா கட்டாயம்.

இனி எடை. பலர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கணக்கைப் போட்டே காட்டிவிடலாம். வெளித்தீவுகளுக்குப் பறக்கும் ட்வின் ஓட்டர் 19 இருக்கை விமானம். மேலெழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 5,670 கிலோ. வெறும் விமானம் ஏறக்குறைய 3,500, விமானிகள் இருவர் 180. போகும் தீவில் பெரும்பாலும் எரிபொருள் கிடைக்காது, எனவே திரும்பி வரவும் இங்கேயே நிரப்பியாக வேண்டும். கையிருப்பும் சேர்த்தால் சுமார் 900 கிலோ. மிச்சம் 1,090 கிலோ. பயணியும் மூட்டையும் சேர்ந்து தலைக்கு 100 கிலோ என்று வைத்தால் பத்துப் பேர்தான் ஏறலாம். காலியாகத் தெரியும் ஒன்பது இருக்கைகளைக் காட்டி வாதாடிப் பயனில்லை. வெயில் ஏறினாலோ ஓடுபாதை நனைந்து மிருதுவானாலோ இந்த எண் இன்னும் குறையும்.

அதனால்தான் செக்-இன் மேசையில் உங்களையே தராசில் ஏற்றுவார்கள், கைப்பையோடு. முள் காட்டும் எண்ணை ஊழியர் பயணிகள் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார், அதை வைத்துத்தான் முன்னே யார், பின்னே யார் என்று உட்காரவைப்பார்கள். கைப்பையை நண்பரிடம் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறாதீர்கள். அந்தப் பொய்யான எண்ணை நம்பித்தான் விமானி எழும்பப் போகிறார்.

லக்கேஜ் அளவு தடத்துக்குத் தடம் மாறும், பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ. பெரிய விமானத்தில் அனுமதித்த 30 கிலோ இங்கே செல்லாது. மடங்கக்கூடிய துணிப்பைகள் இரண்டு எடுங்கள், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம். ட்வின் ஓட்டரின் மூக்கிலும் வாலிலும் உள்ள சாமான் அறைகள் சின்னவை. எடை மிஞ்சினால் சாமானைத்தான் முதலில் இறக்குவார்கள், அது அடுத்த விமானத்தில், அதாவது சில நாள் கழித்து வரும். எனவே மருந்து, ஒரு மாற்றுடை, ஆவணங்கள், பணம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க் சாமான் அறைக்குப் போகவே கூடாது. கைப்பையைக் கடைசி நேரத்தில் வாங்கிப் பின்னால் போட்டால், பவர் பேங்கை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை: 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி. சமையல் எரிவாயுக் குப்பியும், பெட்ரோல் வாசனை வீசும் படகு எஞ்சினும் ஏறாது.

வெளித்தீவு ஓடுபாதை பெரும்பாலும் நொறுக்கிய பவளத்தைக் கொட்டி இறுக்கியது. கனமழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கும், சக்கரம் புதையும். இரவு விளக்கு இல்லாததால் பொழுது சாய்வதற்குள் விமானம் கிளம்பியாக வேண்டும். ஒரே விமானம் மூன்று நான்கு தீவுகளைச் சுற்றும் நாளில் காலையில் ஒரு மணி நேரம் தாமதமானால், மாலையில் கடைசித் தீவு விடுபடும். அந்தச் சுற்றில் உங்கள் தீவு எத்தனையாவது என்று கேட்டு வையுங்கள்.

தேதியிலும் கவனம். கிரிபாட்டியின் கிரிட்டிமாட்டித் தீவில் நேரம் உலக நேரத்துக்கு (UTC) 14 மணி நேரம் முன்னே, ஹொனலுலுவில் 10 மணி நேரம் பின்னே. இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டும், தேதி மட்டும் ஒரு நாள் விலகும். புதன் மதியம் கிரிட்டிமாட்டியில் ஏறுகிறவர் செவ்வாய் மாலை ஹொனலுலுவில் இறங்குவார். விடுதியைப் புதனுக்குப் பதிந்திருந்தால் முதல் இரவு வெளியேதான்.

திரும்பும்போது, வெளித்தீவு விமானத்துக்கும் நாட்டை விட்டுக் கிளம்பும் விமானத்துக்கும் நடுவே, அந்தத் தடத்தில் இன்னொரு விமானம் வந்து போகிற அளவு இடைவெளி விடுங்கள். வாரம் ஒரு விமானம் என்றால் ஒரு வாரம். தனித்தனி டிக்கெட் என்பதால் ஒன்று தவறினால் மற்ற நிறுவனம் பொறுப்பேற்காது. மருந்தும் அந்த வாரத்துக்குச் சேர்த்து இருக்கவேண்டும். துவாலு, கிரிபாட்டிக்கு ஆஸ்திரேலிய டாலரும் மார்ஷலுக்கு அமெரிக்க டாலரும் ரொக்கமாகவே கொண்டுபோங்கள்.

இன்னொரு பவளத்தீவுக் கூட்டமான டோகெலாவுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே ஓடுபாதையே கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பல்தான், ஒரு நாளுக்கு மேல் ஆகும்.