பழைய நட்சத்திரத்தைத் திரும்ப அழைக்கும்போது ஹாக்கி அணிகள் செய்யும் தவறுகள்

வட அமெரிக்காவின் என்.எச்.எல். பனி ஹாக்கியில் ஓர் அணி வரிசையாகத் தோற்கத் தொடங்கினால் போதும், "அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்" என்று ரசிகர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். கோப்பை வாங்கித் தந்தவர், இப்போது வயது 37, ஆனாலும் அவர் ஆட்டம் யாருக்கும் மறக்கவில்லை. சில நேரம் நிர்வாகத்துக்கும் அந்த ஆசை தொற்றிக்கொள்ளும்.

அப்போது எல்லோரும் முதலில் பார்ப்பது வயதை. அதுவே தவறு. உடம்பில் எது பழுதானது, அது சரியாகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

டீமு செலானேவை அனஹைம் அணி 2001இல் சான் ஹோசேவுக்கு அனுப்பிவிட்டது. 2003-04இல் கொலராடோவுக்காக 78 ஆட்டம் ஆடி 16 கோல்தான் அடித்தார், முழங்கால் பாடாய்ப்படுத்தியது. ஆள் முடிந்தார் என்று பேச்சு. அடுத்த பருவம் உரிமையாளர்களின் கதவடைப்பால் நடக்கவே இல்லை. அந்த இடைவெளியில் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 35 வயதில், 10 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு அனஹைமுக்கே திரும்பினார். வந்த பருவத்தில் 40 கோல். 2007இல் என்.எச்.எல்.லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை.

பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் கதை வேறு. கொலராடோவுடன் 1996, 2001 என இரண்டு கோப்பை வென்றவர். வேறு அணிக்குப் போனவர், 2008இல் கொலராடோவுக்கே திரும்ப வந்து 9 ஆட்டங்களில் 14 புள்ளி எடுத்தார் (கோல் அடித்தாலும், கோலுக்குப் பந்தைக் கடத்தி உதவினாலும் ஒரு புள்ளி; பனி ஹாக்கியில் பந்து என்பது தட்டையான வட்டு). அதைப் பார்த்த நம்பிக்கையில் 2011 பிப்ரவரியில், 37 வயதில், இன்னொரு முறை. இரண்டே ஆட்டம், ஒரு புள்ளி கூட இல்லை. பிப்ரவரி 14 அன்று ஓய்வை அறிவித்துவிட்டார். கைத்திறன் எங்கும் போய்விடவில்லை. பல ஆண்டுகளாகத் தொல்லை கொடுத்த பாதம் கடைசிவரை சரியாகவில்லை, அவ்வளவுதான். செலானேவுக்கு மூட்டு குணமாகியிருந்தது. இரண்டு வயது வித்தியாசத்தை விட இது பெரிய வித்தியாசம் என்பேன்.

இன்னொரு தவறு, மூழ்கும் அணியைத் தூக்கி நிறுத்த அவரை அழைப்பது. ஃபோர்ஸ்பெர்க் கடைசியாகத் திரும்பிய 2010-11 பருவத்தை கொலராடோ 30 அணிகளில் 29வதாக முடித்தது. 60 நிமிட ஆட்டத்தில் முக்கியமான முன்கள வீரர் ஒருவர் பனியில் நிற்பது சுமார் 15 முதல் 20 நிமிடம். தற்காப்பு ஓட்டையை அவரால் அடைக்க முடியாது. ஏற்கெனவே நன்றாக ஆடும் அணிக்குத்தான் மூன்றாவது லைனிலும் (மாறி மாறி இறங்கும் முன்கள வீரர் குழுக்களில் மூன்றாவது) பவர்ப்ளேயிலும் (எதிரணி வீரர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரம்) இப்படி ஒருவர் உதவுவார்.

"பிட்ஸ்பர்க் அணியின் நட்சத்திரம் மரியோ லெமியூ வரவில்லையா?" என்பார்கள். வந்தார், 2000 டிசம்பரில், மூன்று ஆண்டுக்கும் மேலான ஓய்வுக்குப் பின், 43 ஆட்டங்களில் 76 புள்ளி. சரி, லெமியூக்கள் எத்தனை பேர்?

அடுத்த தவறு, அழைப்பது ஆட்டத்துக்கா, நன்றிக்கடனா என்று தெளிவாகப் பேசிக்கொள்ளாமல் இருப்பது. பேட்ரிக் மார்லோ 2020-21இல் தன் பழைய அணியான சான் ஹோசேவுக்காக அந்தப் பருவத்தின் 56 ஆட்டமும் ஆடினார். ஏப்ரல் 19 அன்று என்.எச்.எல்.லில் அதிக ஆட்டம் ஆடியவர் என்ற கோர்டி ஹோவின் 1,767 ஆட்டச் சாதனையைத் தாண்டினார். அந்தப் பருவத்தில் அவர் கோல் 4. அணி ப்ளே-ஆஃபுக்குப் போகவில்லை. அவருக்கு அந்த மரியாதை தகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்தில் ஓர் இளைஞர் ஆடியிருக்கலாம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். ஊரே கொண்டாடும் ஒருவரை வெளியே உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது என்பதால், எத்தனை நிமிடம், எந்த லைன் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

கடைசியாகச் சம்பளம். 35 வயதைத் தாண்டியவருக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து அவர் நடுவில் ஓய்வு பெற்றால், ஒப்பந்தம் அமைந்த விதத்தைப் பொறுத்து அந்தத் தொகை, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் உச்சவரம்புக் கணக்கிலேயே தங்கிவிடலாம். அதனால் ஓராண்டு ஒப்பந்தம், குறைந்த அடிப்படைச் சம்பளம், மீதி ஊக்கத்தொகை என்பதுதான் வழக்கம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊக்கத்தொகையால் உச்சவரம்பு மீறினால், மீறிய தொகையை அடுத்த பருவத்து வரம்பிலிருந்து கழித்துவிடுவார்கள். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தாலும் கழிப்பார்கள்.